கொடைக்கு வைத்த பெட்ரோமாக்ஸ்: காற்று நிற்காத ஒரு தொட்டியின் நிகழ்வு ஆய்வு

விளக்கு: 500 ஹெச்.கே. (மெழுகுவத்தி ஒளிக் கணக்கு) அளவு பெட்ரோமாக்ஸ், ஜெர்மன் தயாரிப்பு. நிக்கல் பூசிய பித்தளைத் தொட்டி. மூடியிலேயே அழுத்தம் காட்டும் கேஜும், காற்றை இறக்கும் காற்றுத் திருகும். ஸ்பிரிட் கோப்பை மட்டும் உண்டு, பம்ப் அடித்துச் சூடேற்றும் ராபிட் அமைப்பு இல்லை.

உரிமை: சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு குடும்பத்தார் கும்பிடும் சுடலைமாடன் கோயில். கொடை என்னும் கோயில் விழா அன்று மட்டும் எரியும்.

குறை: பற்றவைத்ததும் வெள்ளையாக எரிகிறது. கால் மணி நேரத்தில் வெளிச்சம் மங்குகிறது. பம்ப் அடித்தால் திரும்ப ஏறுகிறது, சற்று நேரத்தில் மறுபடி மங்குகிறது. எரியும்போது மண்ணெண்ணெய் வாடை. தொட்டியின் அடியில் ஈரம்.

இந்தக் குறையோடு விளக்கு இரண்டு கைகள் மாறியிருந்தது. ஒருவர் மேண்டிலையும் (வெளிச்சம் தரும் வலை) நிப்பிளையும் (ஆவி பீச்சும் துளை முனை) மாற்றியிருக்கிறார். இன்னொருவர் பம்ப் வாசர், பம்ப் வால்வு, மூடி வாசர் மூன்றையும் மாற்றி, எண்ணெயை ஆவியாக்கும் குழாயான வேப்பரைசரின் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றி, நட்டை முடிந்தமட்டும் இறுக்கியிருக்கிறார். குறை அப்படியே இருந்தது. இரண்டாமவரின் இறுக்கம் குறையைக் கூட்டவும் செய்தது. அது ஏன் என்பது பின்னால் வரும்.

இயல்பான இறக்கமா, கசிவா

காஸ் லைட் எரிய எரியத் தொட்டியில் எண்ணெய் குறையும். எண்ணெய் குறைந்த அளவுக்குக் காற்று இருக்க இடம் கூடும், அழுத்தம் இறங்கும். இது குறை அல்ல. இந்த அளவு விளக்குக்கு 1 லிட்டர் மண்ணெண்ணெய் ஏறத்தாழ 8 மணி நேரம் வரும், அதாவது மணிக்கு 125 மில்லி. ஆகவே மணிக்கு ஒருமுறை சில பம்ப் அடிப்பது வழக்கமான வேலை. தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் காற்றுக்கு இடம் சுருங்கி, அழுத்தம் சீக்கிரம் இறங்கும். 1 லிட்டருக்கு மேல் ஊற்றக் கூடாது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மங்குவது இந்தக் கணக்கில் வராது. கால் மணியில் எரிவது 30 மில்லிக்குச் சற்று மேல். அதற்கு வெளிச்சம் மங்குகிற அளவு அழுத்தம் இறங்காது. எனவே காற்று வேறு வழியில் போகிறது.

முதலில் கேஜை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். பழைய கேஜ்கள் ஒட்டிக்கொண்டோ அளவு பிசகியோ இருக்கும். டயர் கடையில் காட்டினால் ஒரு நிமிட வேலை. சிவப்புக் கோடு 2 பார், டயர் கடைக் கணக்கில் 29 பவுண்டு. இந்த விளக்கின் கேஜ் சரியாகவே காட்டியது.

காற்று போகும் வழிகள்

இந்த விளக்கில் காற்று வெளியேற ஏழு இடங்கள் உண்டு: மூடி வாசர், காற்றுத் திருகின் கூர்முனை, கேஜின் இணைப்பு, பம்ப் குழாயின் அடியில் உள்ள வால்வு, எண்ணெயைத் திறந்து மூடும் கைச்சக்கரத் தண்டின் கிராஃபைட் பேக்கிங், வேப்பரைசர் தொட்டியோடு சேரும் ஈய வாசர், கடைசியில் தொட்டி. ரிப்பேர் செய்கிறவர்கள் இந்த வரிசையிலேயே போய் ஆறாவதோடு நின்றுவிடுகிறார்கள். தொட்டி பித்தளை, கனமாக இருக்கிறது, பளபளக்கிறது. அதைச் சந்தேகிக்க மனம் வருவதில்லை. ஆனால் இந்த விளக்கில் ஆபத்து முழுக்கத் தொட்டியில்தான் இருக்கிறது. 2 பார் அழுத்தத்தில், தலைக்கு மேல் தீயோடு, 1 லிட்டர் எண்ணெயைத் தாங்கி நிற்பது அதுதான். வரிசையைத் தலைகீழாக மாற்றித் தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இந்த ஆய்வின் முடிவு.

பம்ப் வால்வைச் சோதிக்க எதையும் கழற்ற வேண்டாம். காற்றேற்றிவிட்டுப் பம்ப் கைப்பிடியைப் பார்க்க வேண்டும். அது தானாக மேலே வந்தால் வால்வு ஒழுகுகிறது. பம்ப் தண்டை உருவிப் பார்த்தால் குழாய்க்குள் எண்ணெய் நிற்கும். இங்கே கைப்பிடி அசையவில்லை, குழாய் காய்ந்திருந்தது. மூடியில் சைக்கிள் டியூபில் வெட்டிய வாசர் இருந்தது. ரப்பர் டியூப் மண்ணெண்ணெயில் ஊறி உப்பும், பிசுபிசுக்கும், ஓரம் பிதுங்கும். அது நிலைக்காது. ஆனால் அன்றைக்கு அது ஒழுகவில்லை. கைச்சக்கரத் தண்டிலும் ஈய வாசரிலும் சோப்பு நுரை வைத்துப் பார்த்ததில் குமிழி வரவில்லை.

சோப்பு நுரைச் சோதனையில் இரண்டு ஓட்டைகள் உண்டு, இரண்டும் இந்த விளக்கில் பொருந்தின. ஒன்று, எண்ணெய் மட்டத்துக்குக் கீழே உள்ள கசிவில் வெளியே வருவது காற்றல்ல, மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் பட்டால் நுரை செத்துவிடும். குமிழி வராது, "கசிவில்லை" என்று எழுதிவிடுவோம். இரண்டு, விளக்கின் கூண்டுச் சட்டம் தொட்டியின் தோளில் ஒரு தட்டாக உட்கார்கிறது. சட்டத்தைக் கழற்றாமல் நுரை தடவினால் அந்தத் தட்டுக்கு அடியில் இருப்பது தெரியாது.

வேறொரு தடயம் கண் முன்னாலேயே இருந்தது. தொட்டியின் அடி விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளிப் பெயின்ட். சுரண்டினால் அடியில் எபாக்சி மக்கு. இதற்கு முன்பே யாரோ அங்கே ஈரத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

சுண்ணாம்புச் சோதனை

வெல்டிங் பட்டறைகளில் தொட்டி இணைப்பைச் சோதிக்கும் பழைய முறை இது. செலவே இல்லை.

வேப்பரைசர், கைச்சக்கர அமைப்பு, பம்ப், சட்டம் அனைத்தையும் கழற்றி, தொட்டியை மட்டும் தனியாக்க வேண்டும். பெயின்ட், மக்கு, எண்ணெய்ப் பிசுக்கு அத்தனையும் போகச் சோப்பு போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். வெற்றிலைக்கு வைக்கிற சுண்ணாம்பை மோர் பதத்தில் தண்ணீரில் கரைத்து, தொட்டியின் வெளிப்புறம் முழுக்க மெல்லிய தூரிகையால் ஒரே பூச்சு. கனமாகப் பூசினால் நுண்ணிய கசிவு மறைந்துவிடும். நிழலில் காய்ந்ததும் வெள்ளைப் பூச்சாக ஒட்டியிருக்கும். பிறகு உள்ளே கால் லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி, எல்லா வாய்களையும் அடைத்து, ஒரு தட்டில் நிமிர்த்தி ஓர் இரவு. அடுத்த இரவு கவிழ்த்து வைக்க வேண்டும். தோளில் உள்ள கசிவு அப்போதுதான் எண்ணெயைத் தொடும். அழுத்தம் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் தண்ணீர் நுழையாத இடத்திலும் தானாக ஊர்ந்து நுழையும்.

நிமிர்த்தி வைத்த இரவில், அடி விளிம்பில் மக்கு இருந்த இடத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு ஈரக் கறை. கவிழ்த்து வைத்த இரவில் தெரிந்தது அதைவிடப் பெரியது. தொட்டியின் நடுக்கழுத்தில், வேப்பரைசர் திருகி இறங்கும் வளையத்தின் ஓரத்திலிருந்து, தோளை நோக்கி ஒரு சாம்பல் நிறக் கோடு. தலைமயிர் அகலம். பாதி தூரத்தில் இரண்டாகக் கிளைத்து, ஒரு கிளை சட்டம் உட்காரும் தடத்துக்கு அடியிலேயே முடிந்தது. சுண்ணாம்பைத் துடைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நெளிவு இல்லை, அடிபட்ட பள்ளம் இல்லை. உலோகம் இழுபட்டுக் கிழிந்த அடையாளமும் இல்லை. சீராகப் பிளந்திருந்தது. கீறலா பிளவா என்ற சந்தேகத்துக்கும் ஒரு வழி உண்டு: துணியால் ஒற்றி எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் விட வேண்டும். கீறல் காய்ந்தே இருக்கும், பிளவு திரும்ப ஈரமாகும். இது ஈரமானது.

கால் மணி நேரக் கணக்கும் இப்போது விளங்குகிறது. விளக்கு எரிந்து தோள் சூடேறும்போது உலோகம் விரிந்து பிளவு வாய் திறக்கிறது. குளிர்ந்த விளக்கில் சோதித்தவர்களுக்கு அது மூடிக் கிடந்தது.

பித்தளை ஏன் பிளந்தது

இந்த நோய்க்கும் இந்தியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் இங்கே மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமிக்கப்பட்டபோது தாமாகவே பிளந்தன. பருவத்தை ஒட்டி வந்ததால் ஆங்கிலத்தில் அதைப் பருவப் பிளவு என்றே குறித்தார்கள். காரணத்தை 1921ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும், உறையை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசையும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும்.

மூன்று பொருள் கூட வேண்டும். துத்தநாகம் நிறைய உள்ள பித்தளை, உள்ளே தங்கிய இழுவிசை, ஈரத்தோடு அமோனியா. விளக்குத் தொட்டி தகட்டை அச்சில் அழுத்தி உருவாக்கியது, ஆக முதல் இரண்டும் பிறவியிலேயே உண்டு. உருவாக்கிய பிறகு 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் இழுவிசை தணியும். ஆனால் ஈயப் பற்று போட்ட தொட்டியை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக முடியாது, பற்று அதற்கு முன்பே உருகிவிடும்.

மூன்றாவது பொருள் நம் வீடுகளில் தாராளமாகக் கிடைக்கிறது. இந்த விளக்கு ஆண்டு முழுவதும் தொங்கியது மாட்டுத் தொழுவத்துப் பரணில். மாடுகள் போன பிறகு அதே பரணுக்கு அடியில் கன்னடியன் கால்வாய்ப் பாசன வயலுக்கான யூரியா மூட்டைகள் வந்தன. யூரியா ஈரம் பட்டுச் சிதைந்தால் அமோனியாதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தப் பரண் காய்ந்திருக்க வாய்ப்பே இல்லை. நிக்கல் பூச்சு உரியாத வரை அது ஒரு காப்பு. சட்டம் உரசி நிக்கல் போன தடத்திலேயே பிளவு தொடங்கியிருந்தது. அதற்கு மேல் நட்டை முழுப் பலத்தோடு இறுக்கியதில், ஏற்கெனவே இழுபட்டு நின்ற கழுத்தில் இன்னும் இழுவிசை ஏறியது.

தொழுவம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கோயில் சாமான் அறையில் வௌவால் எச்சமும் புறா எச்சமும் இதையே செய்யும். பித்தளை துலக்கும் திரவங்களில் பலவற்றில் அமோனியா இருக்கிறது; திறந்து மோந்தால் மூக்கில் ஏறும். குத்துவிளக்குக்கு அது பரவாயில்லை. அழுத்தம் தாங்கும் தொட்டிக்கு அதைத் தொடவே கூடாது.

ஈயப் பற்று வைத்து மூடினால் என்ன

ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்துப் பிளவின் மேல் பற்று வைப்பதுதான் ஊரில் முதலில் வரும் யோசனை. அழுத்தம் இல்லாத பாத்திரத்துக்கு நல்ல யோசனை, இதற்கு ஆகாது. கண்ணுக்குத் தெரியும் பிளவு அந்தத் தொட்டியில் தெரிந்த ஒன்று மட்டும்தான். அதே தகடு, அதே இழுவிசை, அதே காற்றில் இருந்த மற்ற இடங்களும் அதே பாதையில் இருக்கின்றன. பற்றின் ஓரத்திலிருந்து பிளவு மேலும் ஓடும். இன்னொன்று: பற்று பிடிக்க அவர் போடும் நவச்சாரம் அமோனியா உப்புதான், சூட்டில் அது அமோனியாவை விடும். நோய்க்குக் காரணமானதையே மருந்தாகத் தடவுகிறோம்.

ஆகவே அந்தத் தொட்டி எரியும் விளக்கிலிருந்து விலக்கப்பட்டது. முத்திரை, வயது, நிக்கலின் நிறம் எல்லாவற்றையும் எடைபோட்டாலும் இதில் சமரசத்துக்கு இடமில்லை. கொடையில் இந்த விளக்கு வில்லுப்பாட்டு மேடைக்குப் பக்கத்தில் நிற்கும், சுற்றிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

மாற்றுத் தொட்டி

பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் பழைய இரும்புக் கடைகளில் இதே அளவு விளக்குகள் இன்னும் எடைக்கு வருகின்றன. 1944ல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகும் கம்பி எட்டாத களத்துமேடும் கோயில் திடலும் நெடுநாள் இந்த விளக்குகளில்தான் நின்றன. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்ட கடைகளின் சரக்கும் அப்படியே பழைய சாமானாக வந்தது. வாங்கும்போது முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் ஈயப் பற்று, பெயின்ட், மக்கு இருந்தால் அது உதிரிக்கு மட்டும். கூர்மையான நெளிவு கழுத்துக்கோ விளிம்புக்கோ பக்கத்தில் இருந்தாலும் வேண்டாம். பல்பு மாட்டுவதற்காக அடியில் துளை போட்ட தொட்டிகள் ஓட்டல் அலங்காரத்துக்குப் போய்த் திரும்பி வருகின்றன. அவை இனி ஒருநாளும் விளக்காகாது. நல்ல தொட்டிகளை இப்படித் துளைப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கண்ணாடிக்குள் பல்பு வைக்கத் தொட்டியைத் துளைக்க வேண்டிய தேவையே இல்லை, வயரைச் சட்டத்தின் ஓரமாக இறக்கலாம்.

நகல் விளக்குகளின் தொட்டியும் பார்வைக்கு ஒன்றாக இருக்கும். மரை பொருந்துகிறதா என்று வேப்பரைசர் நட்டைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். இரண்டு சுற்று லேசாக இறங்கி மூன்றாவதில் இறுகினால் மரை வேறு. ஸ்பானர் வைத்துக் கட்டாயப்படுத்தினால் இரண்டும் வீண்.

கிடைத்த தொட்டிக்கு முதலில் சுண்ணாம்புச் சோதனை, பிறகு நீர் அழுத்தச் சோதனை. இந்த வரிசையிலும் காரணம் உண்டு: பிளந்த தொட்டியை அழுத்தத்துக்கு உட்படுத்தாமலே கழித்துவிடலாம். நீர்ச் சோதனைக்கு ஓர் உபரி மூடி வேண்டும். அதன் கேஜைக் கழற்றிவிட்டு அந்த வாயில் மோட்டார் சைக்கிள் டியூப் வால்வை ஈயப் பற்றால் ஒட்ட வேண்டும். பம்ப் வால்வு இடத்திலும் நடுக்கழுத்திலும் ஃபைபர் வாசரோடு அடைப்புத் திருகு. தொட்டியைத் தண்ணீருக்குள் முக்கி, சாய்த்து, கடைசிக் காற்றுக் குமிழியும் போகும் வரை நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருக வேண்டும். தண்ணீர் சுருங்காது, அதனால் தொட்டி உடைந்தாலும் வெடித்துச் சிதறாது, ஒழுகும், அவ்வளவுதான். உள்ளே காற்று மிச்சமிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. கால் பம்பால் 3 பார், அதாவது 44 பவுண்டு வரை ஏற்றி, பத்து நிமிடம். பம்பின் கேஜ் முள் நின்றது, தொட்டி வெளியே காய்ந்தே இருந்தது.

உள்ளே பழைய மண்ணெண்ணெய் வார்னிஷாக ஒட்டியிருந்தது. அரை லிட்டர் புது மண்ணெண்ணெயும் ஒரு கை நிறைய சிறு நட்டுகளும் போட்டுக் குலுக்கினால் அது விடும். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும். புளி, எலுமிச்சை, அமிலம் எதையும் உள்ளே விட்டு ஊறவைக்கக் கூடாது. அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துத் தகட்டைப் பலவீனமாக்கும். வெளியே நிக்கலுக்குச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் நிக்கல் போகும், முத்திரை எழுத்து மழுங்கும், தகடும் மெலியும். பழைய நிக்கலின் மங்கல் மஞ்சளே அந்த விளக்கின் நிறம்.

மற்ற பாகங்கள்

வேப்பரைசரில் சுற்றியிருந்த டெஃப்லான் டேப்பின் நார் ஒன்று அடி வால்வில் சிக்கியிருந்தது. அங்கே டேப்புக்கு வேலையில்லை. புது ஈய வாசர், கையால் இறுக்கிய பிறகு ஸ்பானரில் கால் சுற்று. ஈயம் நசுங்கித் தானே அடைக்கும். இறுக்கும்போது தொட்டியை வைஸில் பிடிக்கக் கூடாது. சாக்கு விரித்து முழங்கால்களுக்கு நடுவே பிடித்தால் போதுமான பலம் கிடைக்கும்.

வேப்பரைசருக்குள் கரி. நிப்பிள், ஊசி, உள்தண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மேல் வளைவை மட்டும் காஸ் டார்ச்சில் நிழலில் மங்கிய சிவப்பு தெரியும் வரை சூடாக்கி, அடிவாயில் சைக்கிள் பம்ப் குழாயை வைத்து ஊத வேண்டும். கரி பொறியாகப் பறக்கும். பளிச்சென்ற சிவப்புக்குப் போனால் பித்தளை உருக்குலையும். தானாக ஆறவிட்டு, கிளட்ச் கேபிளின் ஒற்றை இழையை உள்ளே விட்டு உரசி, திரும்ப ஊத வேண்டும். காற்று தடையின்றி வரும் வரை இதையே திருப்பிச் செய்ய வேண்டும்.

மாற்றப்பட்ட நிப்பிளின் துளை பெரிது. மேண்டிலின் மேல்பகுதியில் கரி படிந்திருந்ததற்கு அதுவே காரணம்: ஆவி அதிகம், காற்று போதவில்லை. இந்த அளவுக்கு உரிய நிப்பிளையும் ஊசியையும் ஜோடியாக மாற்றியாயிற்று. நிப்பிள் முனைக்கும் மேலே கலவைக் குழாயின் வாய்க்கும் உள்ள இடைவெளி சுமார் 14 மில்லிமீட்டர். நெருங்கினால் கரி, விலகினால் வெளிச்சம் குன்றும்.

பம்பின் தோல் வாசரை விளக்கெண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டு, ஓரத்தை விரலால் விரித்துவிட்டு மாட்டினால் போதும், புதிது வாங்க வேண்டியதில்லை. மூடிக்கு நைட்ரைல் ரப்பர் வாசர். கைச்சக்கரத் தண்டுக்குக் கிராஃபைட் நூல் இரண்டு சுற்று. பழைய விளக்கில் வெள்ளை நாராக ஏதாவது பேக்கிங் இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே கொண்டு, தண்ணீரில் நனைத்து, பிய்ந்துவிடாமல் எடுத்து, பையில் கட்ட வேண்டும்.

கண்ணாடி சூடு தாங்கும் பைரக்ஸ் வகையாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் குற்றாலச் சாரல் ஒரு துளி பட்டாலும் விரிசல்தான்.

மேண்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரிய வேதியியலாளர் ஆயர் ஃபோன் வெல்ஸ்பாக் 1891ல் கண்ட கலவை 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. அந்தத் தோரியத்தைத் தேடி வந்தவர்களுக்கு நம் தென்கரையே கிடைத்தது. 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் அடங்கிய மோனசைட்டைக் கண்டறிந்தார். தோரியம் கதிரியக்கம் உள்ளது. உடலுக்கு வெளியில் இருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை, தூளை மூச்சில் இழுப்பதுதான் கேடு. முதல்முறை எரிக்கும்போது திறந்த வெளியில், காற்று வருகிற பக்கம், புகை நம் மேல் வராதபடி நிற்க வேண்டும். உடைந்த தூளை விளக்குமாறால் பெருக்காமல் ஈரத் துணியால் ஒற்ற வேண்டும். தரையில் கொட்டியிருக்கும் இடத்தில் சாப்பாடு பரிமாறக் கூடாது.

சோதனை ஓட்டம்

அரைத் தொட்டி எண்ணெய், சிவப்புக் கோடு வரை காற்று, கேஜ் கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு, மாலை முதல் காலை வரை. வெயிலில் வைத்தால் இந்தச் சோதனை பொய்த்துப் போகும்: 10 டிகிரி சூடு கூடினாலே முள் 0.1 பார் ஏறிக் காட்டும். காலையில் முள் கோட்டிலேயே நின்றது.

பற்றவைக்கும் முறை: கைச்சக்கர அம்பு மேல் நோக்கி, காற்றுத் திருகு திறந்து. ஸ்பிரிட் கோப்பையை நிரப்பிக் கொளுத்த வேண்டும். டினேச்சர்டு ஸ்பிரிட் நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் கிடைக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும், கொஞ்சம் கரி படியும். கோப்பை தீரும் தறுவாயில் திருகை மூடிப் பம்ப் அடித்து, அம்பைக் கீழே திருப்ப வேண்டும். சூடு போதாவிட்டால் ஆவிக்குப் பதிலாக எண்ணெயே பீச்சி, மஞ்சள் தீ கூரைக்கு எழும். அப்போது பம்ப் அடிப்பது தவறு. அம்பை மேலே திருப்பி, திருகைத் திறந்து அணைத்து, இன்னொரு கோப்பை ஸ்பிரிட். எரியும்போது மினுக்கினால் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுழற்றினால் ஊசி நிப்பிளைக் குத்தித் துப்புரவாக்கும்.

விளக்கு இரண்டு மணி நேரம் ஓடியது. இடையில் இருமுறை மட்டும் பம்ப் தேவைப்பட்டது, ஒவ்வொரு முறையும் பத்துக்கும் குறைவான அடி. வாடை இல்லை. அடியில் வைத்த வெள்ளைக் காகிதம் காய்ந்தே இருந்தது.

எண்ணெய் விஷயத்தில் கோயில்காரர்களிடம் அழுத்திச் சொன்னது மூன்று. மண்ணெண்ணெய் ஆவி ஒரு பொறி பட்டால் தீப்பற்றும் வெப்பநிலைக்கு (ஃபிளாஷ் பாயின்ட்) இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் கீழ் எல்லை 35 டிகிரி. சித்திரைக் கொடையில் பகல் வெயிலில் கிடந்த கேன் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும், ஆகவே எண்ணெய் நிழலில் இருக்க வேண்டும். பெட்ரோல் கலந்த வாடை சற்று வந்தாலும் அந்தக் கேனே வேண்டாம். எரியும் விளக்கில் எண்ணெய் ஊற்றுவது கூடவே கூடாது. அணைத்து, காற்றிறக்கி, தொட்டியைத் தொடக் கை கூசாத அளவுக்கு ஆறிய பிறகுதான். பக்கத்தில் மணல் வாளி ஒன்று, நனைத்த சாக்கு ஒன்று.

கொடை முடிந்ததும் எண்ணெயை முழுக்க வடித்து, மூடியைத் தளர்த்தி, விளக்கைப் பட்டாசல் (வீட்டுக் கூடம்) உத்தரத்தில் தொங்கவிடுகிறார்கள். தொழுவத்துக்கும் உர மூட்டைக்கும் அது இனி போகாது. அடுத்த கொடைக்குக் கால் நாட்டும் முன் தொட்டிக்கு ஒரு சுண்ணாம்புப் பூச்சும் இரண்டு இரவும் கொடுப்பது என்று வைத்திருக்கிறது. பழைய தொட்டியைத் தூக்கி எறிய அவர்களுக்கு மனமில்லை, எறியவும் தேவையில்லை: பம்ப் வால்வையும் மூடி வாசரையும் எடுத்தாயிற்று, காற்று ஏற்றவே முடியாது. கழுத்தில் "எரிக்கக் கூடாது" என்று பெயின்டில் எழுதி, கோயில் சாமான் பெட்டியில் இருக்கிறது.